வாமதேவனின் வதிவிடம்

என் வீட்டுக்குள் நுழைந்ததும் வாமதேவன் சமையலறைத் தரையில் குந்திவிடுவார். விரல்களை மடக்கி ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் காது கொடுப்பார். "இதுக்குக் கீழ காத்து நிக்குது அண்ணை. ஆர் ஒட்டினவன்? சோத்துப் பசையால ஒட்டியிருக்கிறான்." அதன் பிறகுதான் நாற்காலி, தேநீர், வரி.

டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். குளிர்காலத்தில் லண்டனில் குளியலறைகள். வெயில் வந்துவிட்டால் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பழைய முதலாளியிடம் வேலை. மனைவி நாகேஸ்வரியும் மகளும் அந்த நகரில்தான் இருக்கிறார்கள். இவருக்கு லண்டன் வால்தம்ஸ்டோவில் ஓர் வாடகை அறை. ஆறு வருடமாகியும் யன்னலுக்குத் திரை போடவில்லை. ஒரு கோப்பை, ஒரு கரண்டி. "அது வீடில்லை அண்ணை, தங்கிப்போற காம்ப்" என்பார். அந்த விலாசத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. லண்டன் வரிக் கடிதங்கள்கூட என் விலாசத்துக்கே வரும்.

அவருடைய வரி விவரத்தை நான் எழுதிக்கொடுக்க நாங்கள் உட்காரும் ஒவ்வொரு தை மாதமும் அவருக்கு ஒரே கேள்வி. "ஜெர்மனியில வரியை வெட்டிப்போட்டுத்தானே சம்பளம் தந்தவன். பிறகேன் இஞ்சயும் காட்டவேணும்?" நானும் அதே பதிலைச் சொல்வேன்: வதிவிடம், அதாவது நிரந்தரமாக வசிக்கும் இடம், எந்த நாடோ, அந்த நாட்டுக்கு எல்லா உழைப்பையும் காட்ட வேண்டும், மற்ற நாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள். இரண்டு நாட்டிலும் இருப்பவர் என்றால், நிலையான வீடும் குடும்பமும் எங்கே என்று பார்ப்பார்கள்.

"பெண்சாதி பிள்ளை எங்க? அங்க. டோர்ட்முண்ட் எண்டு எழுதுங்கோ." எழுதுவேன். எழுதி முடியும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இம்முறை முதலாளியைத் திட்டிக்கொண்டு வந்தார். "கள்ளன் அண்ணை. வழமையை விடக் கூட வெட்டிப்போட்டான்." போன கோடையில் அங்கே எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். "கட்டிட சைற்றில. வேலைக்குக் கிட்ட" என்றார். அதற்கு முந்திய கோடையிலும் சைற்றில்தான். குடும்பத்தோடு இருப்பவருக்கு அங்கே குறைவாக வெட்டுவார்கள், தனியாளுக்குக் கூடுதலாக. மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றேன்.

போனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கும்படி எடுத்தார்.

"நாகேஸ், எனக்கு ஏன் வரி கூட வெட்டுறாங்கள்? உமக்கேதும் தெரியுமே?"

"வரிக்கெண்டா மட்டும் என்ர நம்பர் ஞாபகம் வருது, என்ன?" நாகேஸ்வரிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். "நாங்கள் பிரிஞ்சிருக்கிறம் எண்டு வரி ஒபிசுக்கு எழுதிக் குடுத்திட்டன். அப்பிடித்தானே இருக்கிறம்? என்னைப் பொய் எழுதச் சொல்லுறீங்களோ?"

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லுறதுக்கு நீங்கள் வீட்டை வந்தனீங்களே?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. வேறு போடவா என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"இனி நான் டோர்ட்முண்ட் எண்டு எழுத ஏலாது, வாமதேவன்."

"ஓம். எழுதாதேங்கோ."

"அப்ப அந்த அறையின்ர விலாசத்தைச் சொல்லும்."

வீட்டு இலக்கத்தையும் தெருவையும் சொன்னார். அத்துடன் நின்றுவிட்டார். தபால் குறியீடான போஸ்ட்கோட் அவருக்குத் தெரியவில்லை. அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் றமணனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட... உங்கட வீட்டுப் போஸ்ட்கோட் என்ன? ஆறுதலாச் சொல்லுங்கோ."

எழுதுவதற்குத் தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தன் இடது உள்ளங்கையில் எழுதினார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பார்த்து எழுதும்படி கையை மட்டும் என் முன் விரித்து வைத்தார்.