திண்டிவனத்தில் முறுக்கிய திருகாணி

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1962 மே மாதம் போன பயணம். எழுத உட்கார ஐந்து மாதமாகிவிட்டது. கைக்குழந்தைக்காரிக்குக் கை ஒழிய வேண்டாமா?

என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். சொந்த நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய காரில், எட்டு மாதப் பெண்குழந்தையோடு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அந்தக் காரில் சூப்பர்சார்ஜர் உண்டு. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் பம்பு அது. அழுத்தம் மிஞ்சினால் ஒரு வால்வு திறந்து 'புஸ்ஸ்' என்று வெளியே விடும். ஒவ்வொரு 'புஸ்ஸு'க்கும் குழந்தை வீறிட்டாள்.

திண்டிவனம், எழுபத்தைந்து மைல், மணி எட்டரை. அவர் இட்லியும் காபியும் வாங்கப் போனார் (இருவருக்கும் எண்பது நயா பைசா). நான் பக்கத்துப் பட்டறைக்காரரிடம், "இந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன். அவர் வால்வின் திருகாணியை இறுக்கிவிட்டு, "நின்னுபூடும், போங்கம்மா" என்றார்.

நின்றது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு லாரியை முந்த என் கணவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது, அழுத்தம் காட்டும் முள் ஆறில் இருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பத்தைத் தொட்டது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போல என்ஜினுக்குள் சத்தம். "காலை எடுங்க!" என்று கத்தினேன். மீதி ஏழு மைலையும் ஊர்ந்தே கடந்தோம்.

விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு அருகே மெக்கானிக் முனுசாமி வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஓடுதுல்ல சார்? இன்னா பேஜாரு? போய்க்கினே இருங்க." கணவர் சாவிக்குக் கை நீட்டினார்.

இன்னும் நூறு மைல், மே மாத வெயில், மடியில் குழந்தை. "உள்ளே என்ன ஆச்சுன்னு பார்க்காம குழந்தை இதுல ஏறமாட்டா" என்றேன். அதுவரை மறைத்ததையும் சொன்னேன்: "திண்டிவனத்துல வால்வை இறுக்கச் சொன்னது நான்தான்."

சாவிக்கு நீட்டிய கையைக் கணவர் இழுத்துக்கொண்டார். முனுசாமி தலையில் கை வைத்தார். "சோத்துப்பானை மூடி மேல அம்மிக்கல்ல வெச்சிக்கினு வந்திருக்கீங்கம்மா. மொதல்லயே சொல்லக்கூடாதா?"

அதன்பின் அவருடைய வேகமே வேறு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். "பீங்கான்ல வெள்ளிப்பொடி கணக்கா மின்னினா பிஸ்டன் உருகுதுன்னு அர்த்தம்." மின்னவில்லை. பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, கணவரை முன்பக்க ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ள வேண்டும். மூன்றாவது துளையில் முனுசாமி நெற்றியைச் சுருக்கினார். நகரச் சொல்லி நானே விரல் வைத்தேன். தள்ளியது. நாலாவதிலும் வைத்துப் பார்த்தேன், அதே வேகம். ஆயிலில் உலோகத் துகள் இல்லை. பிளக்குகளை மாட்டி ஓடவிட்டதில் ரேடியேட்டர் தண்ணீரில் கசிவைக் காட்டும் குமிழி இல்லை. திருகாணியைத் தளர்த்தினார்.

"ஓட்டிப் பாக்கணும். முள்ள யாரு பாக்கறது?"

நான்தான். குழந்தையைக் கணவர் கையில் கொடுத்தேன். அப்போது சோறு கொண்டுவந்த முனுசாமியின் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பதினோரு வருசமா வண்டி ரிப்பேர் பண்ணிக்கினு கீறே, ஒரு வாட்டி என்ன ஏத்தினது உண்டா?"

"சீலையில ஆயில் ஒட்டும்டி!"

"உன்னக் கட்டிக்கினப்பவே ஒட்டிச்சி. எடு வண்டிய!"

வளவனூர் வரை ஆறு மைல். "நாங்க மிதிச்ச மாதிரியே மிதிங்க" என்றேன். முள் ஏறியது, ஆறில் நின்றது. பின்னாலிருந்து, "இன்னும் ஜல்தியா போய்யா!" திரும்பி வந்ததும் பிளக்குகளை மறுபடி கழற்றச் சொன்னேன். சுத்தம்.

மூன்று மணி நேரம், கூலி எட்டு ரூபாய். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் உடனே காலை எடுங்கள். 'ஓடுகிறதே' என்று கிளம்பாதீர்கள். பிளக், விரல், ஆயில், ரேடியேட்டர், பிறகு குழந்தை இல்லாமல் ஓர் ஓட்டம். இவற்றுக்கெல்லாம் முன்னால், நீங்கள் செய்ததை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். வெட்கம் ஒரு நிமிடம்தான்.

ஒரு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினேன். உளுந்தூர்பேட்டை வரை கணவர் முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. பிறகு, கண் சாலையிலேயே இருக்க, மெல்லக் கேட்டார்:

"அந்த மூணாவது... உன் விரலுக்கு நல்லாத்தானே தள்ளிச்சு?"

"தள்ளிச்சு" என்றேன். அதற்கப்புறம்தான் வண்டி நாற்பது மைல் வேகத்தைத் தொட்டது.