ஆயர் மந்திரித்த அடிக்கல்

அந்தக் கல்லை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆவடிக்கு அந்தப் பக்கம், கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. வரைபடம் போட என்னை அழைத்தார்கள். நான் நிலத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆயர் வந்து அடிக்கல்லை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். எங்கே? நிலத்திலேயே தாழ்ந்த மூலையில். ஏனாம்? பந்தல் போட அங்கேதான் தோதாக இருந்ததாம்!

மேட்டில் கட்டலாம் என்றேன். பங்குப் பேரவைச் செயலாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"ஆண்டவர் மந்திரிச்ச கல்லு சார். நகர்த்தினா அவர் மனசு சங்கடப்படும்" என்றார். ஆண்டவர் என்றது ஆயரை.

எவ்வளவோ முட்டி மோதிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் பள்ளத்தை ஆளுயரத்துக்கு மண் கொட்டி நிரப்புவதாக வரைந்து கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. இதற்கே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அதன்பிறகு அளவு சரிபார்க்கப் போன அன்று, மதிலை ஒட்டிய வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரு காலத்தில் இதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது கம்பெனியில் துப்புரவு வேலை. மகளை இந்தப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று காத்திருந்தார்.

"இன்னா சார், இங்கயா கட்டப் போறீங்க? மழை வந்தா ஊருத் தண்ணி மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும்."

"மண் கொட்டி ஏத்திடுவோம்மா."

"நீங்க ஏத்திக்குவீங்க. அந்தத் தண்ணி எங்க போவும்? எங்க ஊட்டுக்குள்ளதான? எங்க ஊட்ட யாரு சார் ஏத்துவாங்க?"

அளவு நாடாவைச் சுருட்டினேன்.

நேரே ஆயர் இல்லத்துக்குப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"காட்டின இடத்துல தீர்த்தம் தெளிச்சேன், அவ்வளவுதான். தண்ணி நிக்கிற இடம்னு ஒருத்தரும் சொல்லலையே. எடுத்து மேட்டுல வைங்க, இன்னொரு தடவை வந்து மந்திரிக்கிறேன்" என்றார்.

இவ்வளவுதான் பேச்சு! இதை அவரிடம் கேட்க மூன்று மாதமாக ஒருத்தருக்கும் வாய் இல்லை. செயலாளரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டே தீர்வது என்று பொருமிக்கொண்டே வண்டியை எடுத்தேன். பூந்தமல்லி வருவதற்குள் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. அந்தம்மா வீட்டுச் சுவரை ஒட்டி நின்று எத்தனை முறை நாடா பிடித்து அளந்திருப்பேன்! அவரிடம் நானும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவராகத்தான் வந்து சொன்னார்.