பச்சைச் சட்டைக்கு அசினா போட்ட சத்தம்

குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கில் அசினாவுக்கு வேலை. வயது இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்டத்தைச் செல்போனில் நேரலையாக வர்ணிப்பாள். தமிழும் மலையாளமும் கலந்து அவள் போடுகிற சத்தத்துக்கென்றே பதினெட்டாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள்.

அத்தா இல்லாத வீட்டில் அவருடைய அண்ணன் பெரியத்தா வைத்ததுதான் சட்டம். "ராவுத்தர் வீட்டுப் பொண்ணு மொகத்த ஊரே பாக்குது" என்று அவர் முனகிக்கொண்டேயிருந்தார்.

அன்றைய இறுதி ஆட்டத்தில் ஏலப்பாறை எஸ்டேட் அணியின் கோல்கீப்பர் ஈஸ்வரன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தான். "பச்சைதான் ஜெயிக்கும்! பச்சைய அடிக்க இங்க எவனும் இல்ல!" என்று அசினா தொண்டை கிழியக் கத்தினாள். ஏலப்பாறைக்காரர்களின் சட்டை பச்சை. யாரோ அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி, பின்னால் பாகிஸ்தான் கொடியை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு பேர் கட்டைகளோடு கிடங்குக்குள் நுழைந்தார்கள். ஒருவன் படம்பிடித்துக்கொண்டே வந்தான்.

"சொல்லுடி, நீ எந்த நாட்டுக்காரி?"

"குமுளிக்காரி. அது ஏலப்பாறை டீமுண்ணே, முழு வீடியோவையும் பாருங்க..."

முடிக்கவிடவில்லை. முக்காட்டோடு முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். செல்போனைப் பற்றியிருந்த வலது கையை ஒரு பூட்ஸ் கால் மிதித்தது. விரல் முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. உடன் வேலை பார்த்த இன்பமேரி ஓடிவந்து அவள்மேல் குப்புற விழுந்தாள். அடுத்த அடி இன்பமேரியின் நெற்றியைப் பிளந்தது. அசினாவின் கழுத்தில் சூடாக ரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியத்தா, அவள் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் அறைந்தார். "வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டு வீட்டோட கெட!"

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். ஆனால் அழிக்கவில்லை. "நான் அழிச்சா, அவங்க வெட்டி ஒட்டுனது மட்டுந்தான் பெரியத்தா மிஞ்சும்."

இடது கையால் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தாள். ஈஸ்வரன் ஸ்டேஷனுக்கு வந்து, பச்சை தங்கள் அணிச் சட்டை என்று சாட்சி சொன்னான். அடித்தவர்கள் பெருமைக்கு எடுத்த படமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு பேர் உள்ளே போனார்கள். நான்கு பேர் ஜாமீனில் திரிகிறார்கள். அவர்களில் ஒருவன் கிடங்குக்கு எதிரில் நின்றுதான் தினமும் டீ குடிக்கிறான்.

வழக்கு நாளன்று அவன் கண்ணெதிரிலேயே, இன்பமேரியோடு அசினா பீருமேடு கோர்ட்டுக்கு பஸ் ஏறுகிறாள்.