அடிபடாத தட்டு

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குணம் கைகொடுக்கும் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வேலை இதுதான். ரத்தத்திலிருந்து பிரித்த உயிருள்ள செல்களை ஒரு தட்டில் பரப்பி, முடியைவிட மெல்லிய அயனிக் கற்றையால் ஒவ்வொன்றையும் குறிபார்த்து அடிப்போம். டி.என்.ஏ. அறுந்த இடம் நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ரத்தத்தில் அடிபடாத தட்டு ஒன்றும் வைப்போம். அதில் புள்ளிகள் அநேகமாக இருக்கக் கூடாது.

அன்றைக்கு ரத்தம் கொடுத்தவன் என் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் செய்த குழாய்களைக் கதிர் விட்டுப் படமெடுத்துச் சோதிப்பவன். அவன் சட்டையில் குத்தும் கதிர் அளவு பேட்ஜின் அறிக்கை எப்போதும் சுத்தமாகத்தான் வரும். அதை நம்பித்தான், ஷிப்டு முடிந்து வந்தவனிடம் கையை நீட்டச் சொன்னேன்.

அடிபடாத தட்டு முழுக்கப் புள்ளிகள்!

என் கண் நேரே என்னோடு வேலை பார்க்கும் திருநின்றவூர்க்காரி மேல் போனது. "தட்டை மாத்தி வெச்சிட்டியா?"

"நான் இன்னாத்துக்கு மாத்தப் போறேன்? பேர் எழுதித்தானே வெச்சேன்?" அவள் கண் கலங்கியது. நடிக்கிறாள் என்று நினைத்தேன், பாவி நான். அன்று ஒன்றாக வீடு திரும்பும் ரயிலில் அவளோடு பேசவில்லை.

மறுநாள் வேறொருவர் ரத்தத்தை எடுத்து எல்லாவற்றையும் நானே செய்தேன். அடிபடாத தட்டு சுத்தமாக இருந்தது. ஐஸில் வைத்திருந்த தம்பியின் மிச்ச ரத்தத்தையும் அடிக்காமல் பரப்பிப் பார்த்தேன். மறுபடி புள்ளிகள். தட்டை யாரும் மாற்றவில்லை, அவன் ரத்தமே கதிர் பட்டுத்தான் வந்திருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல், பையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் ஓடினேன்.

"பேட்ஜைப் போட்டுக்கினுதானே வேலை செய்யற?" என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். "வண்டி டிக்கில வெச்சிட்டுப் போவேன்க்கா. அளவு ஏறிச்சின்னா ஊட்ல ஒக்கார வெச்சிடுவாங்க. அம்மாகிட்ட சொல்லிடாத."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. ஊரையே சந்தேகப்பட்டவள் இவனை மட்டும் நம்பித் தொலைத்தேனே!

நான் அழுவதைப் பார்த்து அவன் பயந்துபோனான். தப்புச் செய்தவன் மாதிரி மெல்லக் கேட்டான்.

"அப்ப என் ரத்தம் இனிமே உனக்கு ஆவாதாக்கா?"