பொருள்: படகுப் பாட்டு பாடக் கோருதல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவனிடம், மெல்லிசைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தீப்பெட்டி அளவில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"சார், பிடிச்ச பாட்டு எழுதுங்க. பாட்டுப் பேரு மட்டும் போதும்."

பேனாவைத் திறந்தேன். கை தானாகச் சீட்டின் இடது மூலைக்குப் போனது. 'அனுப்புநர்' என்று எழுதியும் விட்டது!

பக்கத்தில் நின்ற என் பால்ய சிநேகிதன் மாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னுமாலே நீ திருந்தல?"

எப்படித் திருந்துவது? அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

எண்பதுகளின் கடைசி. நான் பிளஸ் டூ. மாரி தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தான். பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் பொங்கல். பொங்கல் என்றால் மெல்லிசைக் கச்சேரி. மதுரையிலிருந்து நீல வேனில் ஒரு குழு வரும். அந்த வேன் எந்த ஊரில் நிற்கிறதோ, அந்த ஊரில் நாங்களும்!

ஆளுக்கொரு போர்வை, ஒரு மாற்று லுங்கி. அவ்வளவுதான் எங்கள் முகாம். மதியம் மூன்று மணிக்கே திடலில் போர்வையை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுவோம். முன்வரிசை நம்முடையது. சாயங்காலம் "ஹலோ... மைக் டெஸ்டிங்..." என்ற குரல் கேட்கும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்கள், அது வேறு எதிலும் வராது. கச்சேரி முடிந்தால் அதே போர்வையில் தூக்கம். காலையில் பந்தல்காரர் வந்து, "தம்பிகளா, உங்களயும் சேத்துச் சுருட்டட்டுமா?" என்று எழுப்புவார்.

அந்த வருஷம் சனிக்கிழமை செட்டியார்பட்டி. ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு. திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்.

வியாழக்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை!

அப்பா சுப்பையா மில் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். "கணக்குல பாஸானாக் காலேஜ். இல்லைன்னா எங்கூட மில்லு" என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். நானோ, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல சிநேகிதன் வீட்டுல குரூப் ஸ்டடி" என்று புளுகிவிட்டுக் கிளம்பியிருந்தேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது... கணக்குப் புத்தகம் பையில் இருந்தது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணையில் குளித்துவிட்டுப் பாறையில் துணி காயும் நேரத்தில் பத்துக் கணக்காவது போட்டிருப்பேன்.

மாரிக்கு ஒரே ஒரு ஆசை. படகுப் பாட்டு. கதாநாயகன் படகில் போகும்போது வருகிற பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. செட்டியார்பட்டியில் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பாடவில்லை. வத்திராயிருப்பில் இரண்டு சீட்டு. ம்ஹூம்! மூட்டை மூட்டையாகச் சீட்டு வரும் இடத்தில் நம்முடையதை யார் பார்க்கிறார்கள்?

"நீயெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்? ஒரு பாட்டு வாங்கித் தர ஏலல" என்றான் மாரி.

சுருக்கென்றது. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்ததே நான் எழுதிய மனுவால்தான். யோசித்தேன். பளிச்சென்று புரிந்தது. கோளாறு சீட்டில்! முறையாக விண்ணப்பிக்காமல் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

கணக்கு நோட்டில் ஒரு முழுத்தாளைக் கிழித்தேன். தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று ஒன்றையும் விடவில்லை. கீழே 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'. எல்லாவற்றுக்கும் கீழே, கட்டம் போட்டு உறைமேல் முகவரி. அதை விட்டால் மதிப்பெண் போய்விடுமே!

பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனின் கோளாறு. எதை எங்கே விடலாம் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது.

திங்கட்கிழமை, மடவார் வளாகம். நாலாவது பாட்டு முடிந்தது. குழுவின் அறிவிப்பாளர் (பெரிய மீசைக்காரர்) ஒரு தாளை விரித்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அன்பர்களே... பாட்டுக்கு மனு வந்திருக்கு! அனுப்புநர்: முருகேசன், தகப்பனார் பெயர் சுப்பையா, மில் தொழிலாளி, இரவு ஷிப்ட், மேலத் தெரு, ராஜபாளையம்..."

திடலே சிரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாம் குழாய் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருக்கிறது!

"பொருள்: படகுப் பாட்டு பாடக் கோருதல். ஐயா, மேற்படி பாட்டைக் கேட்க நானும் என் நண்பன் மாரியும் மூன்று ஊர்களாகத் தங்கள் வேனைத் தொடர்ந்து வருகிறோம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்..."

சிரிப்பு நின்றது. எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். பிறகு திடல் முழுக்கக் கைதட்டல். "உறைமேல் முகவரியயும் வாசிங்க அண்ணாச்சி!" என்று ஒரு குரல். வாசித்தார்!

படகுப் பாட்டு ஆரம்பித்தது. மாரி அழுதே விட்டான். எனக்குத்தான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஏனென்றால், ஓரத்தில் தூக்குச்சட்டி மாட்டிய சைக்கிளோடு நின்ற ஒருவர், "அட, நம்ம சுப்பையா மகன்லா! ஷிப்டுல போய்ச் சொல்லணுமே" என்றபடி பெடலை மிதித்தார்.

விடிந்ததும் போர்வைக்குப் பக்கத்தில் சைக்கிள் மணி. அப்பா! ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். தலையெல்லாம் பஞ்சு.

"எந்திரிலே. கணக்குப் புஸ்தகம் எங்க?"

தலைமாட்டிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"தலைக்கு வச்சுப் படுத்தா ஏறிருமா?"

"மாமா, அவன் மேல தப்பில்ல, நான்தான்..." என்று மாரி இழுத்தான்.

"நீ பேசாத. உன்னயப் பொறவு வச்சுக்கிறேன்." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, வேறு ஒரு குரலில்: "எம்பேர மைக்குல வாசிச்சாகளாமே?"

"ஆமாப்பா."

"முழுசாவா?"

"இரவு ஷிப்ட் வரைக்கும் வாசிச்சாக."

"ஜனம் என்ன செஞ்சுச்சு?"

"கைதட்டுச்சுப்பா."

"மில்லுல என்னய டோக்கன் நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவான். நேத்து ராத்திரி பூரா அம்புட்டுப் பேரும் 'அனுப்புநர் சுப்பையா வாராரு, வழி விடுங்கடா'ன்னு ஒரே சத்தம்." உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார். நான் அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு நம்மூர்லதான கச்சேரி? எனக்கும் லீவுதான். நான் கேக்குற பாட்டுக்கு ஒரு மனு எழுது. அனுப்புநர்ல இந்தவாட்டி எம்பேர மொதல்ல போடு."

சந்தோஷமாக எழுதினேன். வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் என் போர்வையையும் சுருட்டிச் சைக்கிளில் கட்டினார்.

"போர்வை எதுக்குப்பா?"

"எடம் பிடிக்க வேண்டாமா? நானும் மாரியும் போய்க் கேட்டுட்டு வாரோம். நீ வீட்டுல உக்காந்து கணக்குப் போடு."

அன்று சாயங்காலம் நான் புத்தகத்தோடு வீட்டில். ஜன்னல் வழியாகக் குழாய் ஸ்பீக்கர் அழைத்துக்கொண்டே இருந்தது. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் அந்த மீசைக்காரரின் குரல்: "அனுப்புநர்: சுப்பையா, மில் தொழிலாளி, இரவு ஷிப்ட்..."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த அம்மா வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டாள். "ஏட்டி, கேட்டீகளா? எங்க வீட்டுல அவியதான்! அவியதான்!"

அந்தக் கச்சேரியைப் போல நான் ரசித்துக் கேட்ட கச்சேரி வேறில்லை. கணக்கிலும் பாஸ். காலேஜும் போனேன்.

சரி, சென்ற ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் என்ன ஆயிற்று? மாரி சிரித்த சிரிப்பில் வெட்கப்பட்டு, 'அனுப்புநர்' என்பதை அடித்துவிட்டுப் பாட்டின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

கடைசி வரை பாடவே இல்லை... உறைமேல் முகவரி எழுதாதது என் தப்புதான்!