வாடகை செட், சொந்த செட்

சீசன் நாட்களில் நான் காலையில் முதலில் போகும் இடம் கடலூர் பஸ் ஸ்டாண்டு. சென்னை பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் கைடான என் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மைக்கும், சுற்றுலா வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொள்ள ரிசீவர்களும் இருக்கும். நான் முணுமுணுத்தால் போதும், சிதம்பரம் கோயிலின் எந்த மூலையில் நின்றாலும் அவர்களுக்குக் கேட்கும். இருட்டுவதற்குள் சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்து, அதே பெட்டியைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். சென்னைக் கடையின் வாடகைச் சாமான் எங்களிடம் ஓர் இரவுகூடத் தங்காது.

பெட்டியைத் திறந்தால் யாரோ பூசியிருந்த கிரீமின் வாசனை வரும். காதுப் பஞ்சில் வெளிர் நிற முடி ஒட்டியிருக்கும். வேன் சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஒவ்வொன்றாக ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். முன்தினம் மகாபலிபுரத்தில் வேறு யாருக்கோ உழைத்துவிட்டு வந்திருக்கும். பாதி ரிசீவர்களில் சார்ஜ் இருக்காது.

சொந்தமாக ஒரு செட் வாங்குங்கள் என்று டிராவல்ஸ் முதலாளியை நான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"சீசன் முடிஞ்சா அத வெச்சிகிட்டு நான் என்னா பண்றது? ஊறுகா போடுறதா?" என்பார்.

"அடுத்த சீசனுக்கு ஆவும்ல சார்."

"பேட்டரி சும்மா கெடந்தா செத்துடும்மா. அதப் பாத்துக்கவே ஒரு ஆளு வேணும். நீயே சீசனுக்கு வர்ற ஆளு."

நான் குறிவைத்திருந்தது அந்த இடத்தைத்தான். செட் சொந்தமானால் வருஷம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருப்பேன். இல்லையென்றால் மாசி கழிந்ததும், "அடுத்த சீசன்ல பாப்பம்மா" என்று பெட்டியோடு என்னையும் அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள் பாதி வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எங்கள் மீனவர் குப்பத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ரிசீவர் பற்றி ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன்.

"பக்கத்துல நிக்கறவங்களுக்கு எதுக்குடி காது மிஷினு? செவிடா?"

"இல்லம்மா. கோயில்ல சத்தமா பேசக் கூடாது, அதுக்கு."

"மீன் கூடையத் தூக்கிகிட்டு நான் தெரு மொனையில கூவுனா கடைசி வீடு வரிக்கும் கேக்குது. எனக்கு யாரு மிஷினு குடுத்தா?"

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அத்தை என்னை வழிமறித்தார். "செவிட்டு வெள்ளக்காரங்களக் கூட்டிகிட்டுப் போயி சாமி காட்டுறியாமே! புண்ணியம்டி." விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எனக்காகப் பெருமைப்பட ஆரம்பித்திருந்தார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதை விட்டுவிட்டேன். கோபுர வாசலில் செதுக்கியிருக்கும் நடன நிலைகளின் பெயர்களை எல்லாம் நான் மனப்பாடம் செய்திருந்தேன். கேட்பதற்கு வெளியூர்க்காரர்கள்தான் இருந்தார்கள்.

அந்த மார்கழியில் ஒருநாள், அதே கோபுர வாசலில் ஒரு சிற்பத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். என் கூட்டம் சிரித்தது. நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினேன். நான் மேலே காட்டினால் அவர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக உள்ளே நகர்ந்தார்கள். நான் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றேன்.

உள்ளே இன்னொரு கூட்டம். அதன் கைடு நடுவயதுக்காரர், அவர் கழுத்திலும் எங்களுடையதைப் போலவே ஒரு மைக். அதை அணைத்துவிட்டு, "என்னா சிஸ்டர், உங்காளுங்கல்லாம் எங்கூட வர்றாங்க?" என்றார்.

"உங்களுது எந்தச் சேனல் சார்?"

"ரெண்டு."

என்னுடையதும் ரெண்டு. இவ்வளவு நேரமும் என் ஆட்களின் காதில் கேட்டது அவர் குரல். இரண்டு பெட்டியும் ஒரே வாடகைக் கடையிலிருந்து வந்தவை. வாடிக்கைக்காரர்கள் கைவைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று சேனல் பொத்தானைப் பூட்டித்தான் அனுப்புவார்கள்.

"விடுங்க சிஸ்டர். ரெண்டு கூட்டத்துக்கும் சேத்து நானே சொல்லிடறேன். நீங்க போயி ஒரு டீ குடிங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. என் ஆட்களைக் கையாட்டிக் குளக்கரைப் பக்கம் அழைத்துப் போனேன். எல்லாருடைய காதிலிருந்தும் ரிசீவரைக் கழற்றி வாங்கினேன். வெறும் குரலில், சத்தம் போடாமல் பேச ஆரம்பித்தேன். கேட்கவில்லை என்று அவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒரு வயதான அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் குனிந்து, என் வாயையே பார்த்துக் கேட்டார். கேள்விகள் வந்தன. நான் சொன்னதற்கே சிரித்தார்கள். மைக் கழுத்தில் சும்மா தொங்கியது. அத்தனை பேர் மூச்சு படும் தூரத்தில் நின்று நான் பேசியது அந்த ஒரு பகல்தான்.

திரும்பி வந்ததும் முதலாளியிடம் சேனல் கதையை மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "நம்ம கஸ்டமர அடுத்தவன் ஓட்டிகிட்டுப் போறதா?"

செட்டே இல்லாமல் பேசியது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வருஷம் முழுக்க வேலை என்பது அதற்குள் என் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. "சொந்த செட்டுன்னா சேனல நாமளே மாத்திக்கலாம் சார்" என்றேன்.

பொங்கல் கழித்து செட் வந்தது. எனக்கு ஆபீஸில் ஒரு மேஜையும் வந்தது. அம்மா குப்பம் முழுக்கச் சொன்னார், மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று.

புது செட்டில் வெகு தூரம்வரை கேட்டது. முதல் நாளே என் கூட்டம் பிரகாரம் எங்கும் சிதறிப் போய்விட்டது. ஒருவர் குளத்துப் படியில், இருவர் ஆயிரங்கால் மண்டப நிழலில், மற்றவர்கள் என் கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. யாரும் என் பக்கம் வரத் தேவையில்லை. ஒரு தூணோரம் நின்று, எதிரில் ஆளே இல்லாமல், நான் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தேன்.

சாமி கும்பிட்டு வந்த ஒரு கிராமத்து அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "யார்கிட்டம்மா பேசுற?" என்றார். நடுவில் பதில் சொன்னால் அது அத்தனை காதிலும் கேட்கும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. "அய்யோ, படிச்ச புள்ள மாரி இருக்குதே" என்று கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் பேச்சை நிறுத்தாமல், அவருக்கு எட்டும்படி நெற்றியைத் தாழ்த்தினேன்.