நீலப் பூச்சும் நாலடி அன்ரெனாவும்

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். ஒருமுறை மூன்று நாள் அப்படி இருந்திருக்கிறேன். "கத்துற பொம்பிளையோடை காலம் தள்ளலாம், உம்மோடை ஏலாதப்பா" என்பார் என் கணவர். நானும் அவரும் ஆளுக்கொரு ட்ரக் ஓடுகிறோம். தெற்கே மில்லிக்கனுக்குப் பக்கத்து ட்ரக் யார்ட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு வடக்கே சட்பரி நகரம் வரைக்கும் முன்னும் பின்னுமாகப் போய் வருவது எங்கள் வாடிக்கை.

அந்தக் குளிர்காலம் எனக்குப் புது ட்ரக் வந்திருந்தது. அதுவரை யாரோ ஓடிக் களைத்த ட்ரக்குகள்தான் எனக்கு வாய்த்தவை. இது கடும் நீலம். பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிக்குக்கூட அதே நீலம் அடித்திருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்த முதல் கிழமை நான் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே திரிந்தேன்.

ட்ரக்குக்கு ட்ரக் பேசுகிற சீபி ரேடியோ பூட்டவேண்டியிருந்தது. வடக்கே பல இடங்களில் ஃபோன் எடுபடாது. முன்னால் ஏதும் நடந்தால் ட்ரக் ஓடுகிறவர்கள் பத்தொன்பதாம் சனலில்தான் ஆளுக்காள் சொல்லிக்கொள்வோம். இரண்டு கண்ணாடிக்கும் இரண்டு அன்ரெனா வைப்போம் என்றார் கணவர். காவடி எடுக்க நான் வரவில்லை என்றேன். நீட்டு இரும்புக் கம்பி ஒன்றைக் காட்டினார். பாலத்தில் முட்டும் என்றேன். கடைசியில் நானே ஒன்றை எடுத்தேன்: நாலடி ஃபைபர்கிளாஸ், நீல நிறம். "நிறம் பாத்து அன்ரெனா வாங்கின முதல் ஆள் நீர்தான்" என்று சிரித்தார்.

புறப்படும் நாள் காலை யார்ட்டில் வைத்து அதை மூன்று நட்டுள்ள பிடியால் பயணிப் பக்கக் கண்ணாடிக் கம்பியில் பூட்டினார். வயரை இழுத்து, குரல் வெளியே போகிறதா என்று காட்டும் மீட்டரைக் கொழுவி, மைக்கை அமத்திப் பார்த்தார். முள் நேரே சிவப்புக்குப் போய் நின்றது.

"பூச்சு தடுக்குது. இரும்போடை இரும்பு முட்டவேணும். பிடி இருக்கிற இடத்திலை கொஞ்சம் சுரண்டினால் சரி" என்று அரத்தை எடுத்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "என்ரை ட்ரக்கிலை கீறல் விழுந்தால் நடக்கிறது வேறை!"

"இப்பிடியே விட்டால் மற்றாக்கள் கதைக்கிறது உமக்குக் கேக்கும். நீர் கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது."

"எனக்குக் கேட்டால் காணும்."

"உமக்கென்ன விசரே!" என்று மற்றக் கையிலிருந்த ஸ்பனரை என் ட்ரக்கின் பயணிச் சீற்றில் எறிந்துவிட்டுத் தன் ட்ரக்குக்குப் போனார். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொண்டது. அவருக்குக் காத்திராமல் வெளிக்கிட்டேன்.

பாரி நகரைத் தாண்டியபோது பனி தூறியது. இன்னும் வடக்கே போகப் போகக் காற்றும் சேர்ந்துகொண்டது. ரேடியோவில் அவர் குரல் வந்தது. "இஞ்சாரும், சாப்பிட்டனீரோ?" கரகரவென்றாலும் விளங்கியது. மைக்கைத் தொடவேயில்லை நான். கிடக்கட்டும் என்று விட்டேன். சத்தியமாக அப்போது அவரைத் தவிக்கவிடுவது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

ஒரு ஏற்றம் ஏறி இறங்கினேன். இறக்கத்தில் ஒரேயடியாக எல்லாம் வெள்ளையாகிவிட்டது. முன்னே ஒரு லொறி குறுக்காகக் கிடந்தது, அதில் முட்டியபடி இரண்டு கார்கள். பிரேக்கை அமத்தினேன். என் ட்ரெய்லர் பின்னால் வழுக்கிக்கொண்டு போய் முழு ரோட்டையும் மறித்து நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவருக்கு, உச்சியைத் தாண்டும் வரை என்னைத் தெரியாது. தெரிந்த பிறகு நிறுத்த இடமில்லை. பின்னால் வருகிறவர் என்ரை மனுசன்.

ஹசாட் லைட்டைப் போட்டேன். ஃபோனில் ஒரு சிக்னல் கோடும் இல்லை. மைக்கை அமத்தி ஆங்கிலத்திலும் தமிழிலும் கத்தினேன். பதில் இல்லை. பிறகு அவர் குரல், வெகு சாவகாசமாக: "பெற்றோல் செற் தாண்டிட்டன். சினோ கொட்டுது. எங்கை நிக்கிறீர்?"

அந்தப் பெற்றோல் நிலையத்திலிருந்து நான் நின்ற இடத்துக்கு எட்டு நிமிட ஓட்டம். "நில்லுங்கோ! வராதேங்கோ!" என்று அலறினேன்.

"சரி, கோவம் இன்னும் போகேல்லை" என்றார் ரேடியோவில்.

காலையில் அவர் சொன்னதுதான்: நான் கதைப்பது அவருக்குக் கேட்கவில்லை. சீற்றில் அந்த ஸ்பனர் கிடந்தது. மாங்காய் வெட்ட வைத்திருந்த கத்தியையும் எடுத்துக்கொண்டு பயணிப் பக்கக் கதவால் இறங்கிப் படியில் நின்றேன். காற்று கதவைப் பிடித்து இழுத்தது. கையுறையோடு நட்டு பிடிபடவில்லை, கழற்றி எறிந்தேன். மூன்று நட்டு. இரண்டாவதைத் திருப்பும்போது ஒரு பிக்கப் வழுக்கிவந்து, என் ட்ரெய்லரை மயிரிழையில் தவிர்த்துப் பள்ளத்துக்குள் இறங்கியது. சாமான் ஏற்றிய என் கணவரின் ட்ரக் அப்படி விலகாது.

பிடியை மேலே தள்ளிவிட்டுச் சுரண்டினேன். நாசமாய்ப் போக, நல்ல பூச்சு, லேசில் உரியவில்லை. கத்தி வழுக்கி விரலில் வெட்டியது. திறந்த கதவுக்குள்ளிருந்து அவர் குரல்: "பாலம் தாண்டிட்டன். கோவமெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லுமப்பா."

பாலத்திலிருந்து நாலு நிமிடம். நீலம் சுருள் சுருளாக உரிந்து, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பிடியை அதன்மேல் இறக்கி நட்டுகளை முறுக்கினேன். உள்ளே பாய்ந்து மைக்கைப் பிடித்தேன்.

"ஏற்றத்துக்கு இஞ்சாலை ரோட் மறிச்சுக் கிடக்கு! நிப்பாட்டுங்கோ! ஒருத்தரும் ஏறாதேங்கோ!" அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். விரலை எடுத்தேன். இரைச்சல் மட்டும் கேட்டது. கண்ணாடியில் ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் யாருடைய மறுமொழிக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

முதலில் ஒரு வெள்ளைக்கார ட்ரைவரின் குரல் வந்தது: கேட்டது, நிறுத்திவிட்டேன், பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்கிறேன் என்றார். என் கணவரின் குரல் அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கடவுளே, கடவுளே என்றுகொண்டிருந்தேன்.

"கேக்குது." அவர்தான். மூச்சு வாங்கியது. "ஏற்றத்து அடியிலை நிப்பாட்டிப்போட்டன். உமக்கு ஒண்டுமில்லையே?"

நான் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதேன். பிறகு அவர் மெல்லக் கேட்டார்:

"இஞ்சாரும். பெயின்ரைச் சுரண்டிப்போட்டீரோ?"

இரத்தம் பட்ட விரலால் மைக்கை அமத்தினேன்.

"ஓமப்பா" என்றேன். "சுரண்டிப்போட்டன்."